நனைந்ததை மேலே வைப்போம்



வீட்டில் பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய பொருள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டு விற்பதும், வாங்கியவரின் ஊருக்கு அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பிவைப்பதும் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டன. பிள்ளைகளின் பாடநூல்கள், மாற்றிய கைப்பேசி, சிறுத்துப்போன மிதிவண்டி என்று ஏதேனும் ஒன்றை எவரும் விற்றிருப்பார்கள். நாங்களும் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு மேலாக இதனைச் செய்தோம். அதில் நாங்கள் கற்றவற்றுள் சில, பொருளைக் கட்டும் விதம் பற்றியவை. வேறு சில, கட்டுவதற்கு முன்பே நம் உள்ளத்தில் நடக்க வேண்டியவை பற்றியவை. எங்கள் கையால் நேர்ந்த ஒரு தவற்றையும் சேர்த்தே இங்குச் சொல்கிறோம். அதை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் சொன்னால், இந்தக் கட்டுரையும் அந்தத் தவற்றின் தொடர்ச்சியாகிவிடும்.

மாடியறையில் இருந்தவை

எங்களில் ஒருவருக்கு வாப்பாவாகவும் மற்றவருக்கு மாமாவாகவும் இருந்தவர் 2023-ஆம் ஆண்டில் வஃபாத்தானார்கள். காயல்பட்டினத்திலிருந்து புறப்பட்டுச் சென்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஹாங்காங்கில் வணிகம் செய்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு முறை ஊர் திரும்பும்போதும் ஏதேனும் ஒன்றைக் கொண்டுவருவார்கள். ஜப்பானியக் கேமரா, இரட்டை ஸ்பீக்கர் வைத்த டேப் ரிக்கார்டர், நீலப் பூக்கள் வரைந்த பீங்கான் தேநீர்க் கோப்பைகள், தடித்த அட்டைகொண்ட நூல்கள் என்று எல்லாம் மாடியறையில் சேர்ந்திருந்தன. அவர்கள் மறைந்த பிறகு அந்த அறையைத் திறக்க எவருக்கும் மனம் வரவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் எங்கள் ஊரில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது. கைக்குக் கிடைத்த பாய், தலையணை, துணிமணி அனைத்தையும் நனைந்தபடியே மாடியறைக்கு ஏற்றினோம். அந்த ஈரத்தோடு அறை பல நாள்கள் மூடிக் கிடந்தது. மின்சாரம் வந்து, சேறு கழுவி, மூச்சுவிட நேரம் கிடைத்துக் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து பூஞ்சை மணம் எழுந்தது.

உம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “மக்களே, பூட்டி வைத்து மக்கவிடுவதற்கா அவர்கள் இவ்வளவு தூரம் சுமந்து வந்தார்கள்? யாருக்காவது பயன்படட்டும்.”

விற்குமுன் உரியவர் யார்?

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மறைந்தவரின் பொருள், அது இருக்கும் வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. பழைய டேப் ரிக்கார்டர் ஆயினும் சட்டம் அதேதான்.

ஆகவே நாங்கள் ஒரு குறிப்பேட்டில் அறையிலிருந்த ஒவ்வொன்றையும் எழுதினோம். அப்பட்டியலைப் படமெடுத்துச் சென்னையிலுள்ள காக்காவுக்கும், வேறு ஊரில் வாழும் ராத்தாவுக்கும் அனுப்பினோம். எவற்றை நினைவாக வைத்துக்கொள்வது, எவற்றை ஸதகாவாகக் கொடுப்பது, எவற்றை விற்பது என்று தொலைபேசியில் பேசி முடிவு செய்தோம். ராத்தா தஸ்பீஹ் மணியையும் மூக்குக் கண்ணாடியையும் கேட்டார்கள். குர்ஆன் பிரதி உம்மாவிடமே இருந்தது. விற்று வரும் தொகையில் உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு இரு மடங்கும், மகள்கள் இருவருக்கும் ஒவ்வொரு மடங்கும். எளிதாகக் கணக்கிட முழுத்தொகையையும் 32 கூறாக்கினால் உம்மாவுக்கு 4, காக்காவுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. பெட்டி, டேப், அஞ்சல் செலவு ஆகியவற்றை மட்டும் கழித்துக்கொள்வது, எங்கள் உழைப்புக்கென்று ஒன்றும் எடுப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டோம். பின்னாளில் ஒரு சிக்கல் வந்தபோது இந்தக் குறிப்பேடு எங்களைக் காப்பாற்றியது.

கோப்பைகள் கற்பித்தவை

முதலில் விற்றது தேநீர்க் கோப்பைகளை. ஆறு கோப்பைகள், ஆறு தட்டுகள், ஒரு கெண்டி. பெங்களூரில் வாழும் ஒரு குடும்பத்தார் வாங்கினார்கள். கோப்பைகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி, செய்தித்தாளைச் சுற்றி, ஒரே பெட்டியில் வைத்து, மேலே பழுப்பு டேப்பை நான்கு சுற்றுச் சுற்றி அனுப்பினோம். டேப்பின் மீது எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. இரண்டு கோப்பைகள் உடைந்தே போய்ச் சேர்ந்தன. பெட்டியைக் கையாண்டவர் மீது குறை சொல்லத் தோன்றியது. ஆனால் கட்டியவர்கள் நாங்கள். கையில் கொடுப்பது வரை பொருள் எங்கள் பொறுப்பிலிருந்த அமானிதம். இரண்டு கோப்பைகளுக்கான விலையைத் திருப்பி அனுப்பினோம்.

உம்மா இதைக் கேட்டுச் சிரித்தார்கள். “ஹாங்காங்கிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் ஒன்றுகூட உடையாமல் வந்த கோப்பைகள்! உங்கள் வாப்பா ஒவ்வொரு கோப்பையையும் பிள்ளைகளுக்கு வாங்கிய சட்டைக்குள் தனித்தனியாகச் சுருட்டி வைத்துக் கொண்டுவருவார்கள்” என்றார்கள்.

அதன் பின்பு நாங்கள் பழகிய முறை இதுதான். பீங்கானோ கண்ணாடியோ ஒன்றோடொன்று தொடக்கூடாது. ஒவ்வொன்றும் தனியாகப் பபிள் ரேப்பில் சுற்றப்பட வேண்டும். கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தட்டுகளைப் படுக்கவைக்காமல், அலமாரியில் நூல்களை நிறுத்துவதுபோல் நிறுத்தி வைக்க வேண்டும். படுத்த தட்டு மேலிருந்து வரும் அழுத்தத்தில் எளிதில் விரிசல் விடும். பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலமாவது மெத்தென்ற இடைவெளி இருக்க வேண்டும். உடையும் பொருளுக்குப் பெட்டிக்குள் பெட்டி என இரண்டு வேண்டும். மூடிய பின் பெட்டியைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதேனும் அசையும் ஓசை கேட்டால் மீண்டும் பிரித்துக் கட்ட வேண்டும். டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவதைவிட, நடு இணைப்பிலும் இரு ஓரங்களிலும் அழுத்தி ஒட்டுவதே பெட்டிக்கு வலிமை தரும்.

நூல்களுக்கு உடைவு அச்சமில்லை, ஈரமே பகை. முதலில் பிளாஸ்டிக் உறையில் இட்டு ஒட்டிய பிறகே அட்டைக்குள் வைக்க வேண்டும். நூலின் நான்கு முனைகளுக்கும் மடித்த அட்டைத் துண்டுகளைச் செருகினால் மூலை நசுங்காது.

எடையைப் பற்றியும் ஒரு சொல். கட்டி முடித்த பின் எடை பார்த்த பிறகே அனுப்பும் செலவை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். விரைவு அஞ்சலில் கட்டணம் எடைப் படிகளாக ஏறுகிறது. ஒரு படியைப் பத்துக் கிராம் தாண்டினாலும் அடுத்த படிக்கான கட்டணம்தான். கூரியர் நிறுவனங்கள் பலவும் எடையோடு பெட்டியின் பருமனையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும், உண்மையான எடையையும் ஒப்பிட்டு எது கூடுதலோ அதற்குக் கட்டணம் வாங்குவது வழக்கம். 40, 30, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் இரண்டு கிலோ பொருளே இருந்தாலும் 7.2 கிலோவுக்குக் கணக்கிடப்படலாம். இதை அறியாமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் பின்னர்க் கூடுதல் கேட்பது, வாங்குபவரின் உள்ளத்தில் ஐயத்தை விதைக்கும். நாங்கள் அவ்வாறு ஒருமுறை குறைத்துச் சொல்லி, மிகுதியை எங்கள் கையிலிருந்து போட்டோம்.

ஒளியில் தெரிந்த நூலிழை

இனி எங்கள் தவற்றுக்கு வருகிறோம்.

மாடியறையிலிருந்த கேமரா ஃபிலிம் போட்டு எடுக்கும் பழைய வகை. எங்கள் குடும்பத்தின் பெருநாள் படங்கள் அனைத்தும் அதில் எடுக்கப்பட்டவை. தோலுறை விறைத்திருந்தாலும் ஷட்டர் நன்றாக இயங்கியது. விற்பதற்கு முன் சோதிக்கும் முறையை ஒரு காணொளியில் பார்த்தோம். கேமராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரைத் திறந்த நிலையில் பிடித்துக்கொண்டு, லென்ஸின் வழியே டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். பார்த்தோம். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் படர்ந்திருந்தன. பூஞ்சை. அந்த டிசம்பர் ஈரம் உள்ளே புகுந்திருந்தது.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. “டார்ச் அடித்தால்தான் தெரிகிறது, படத்தில் தெரியாது” என்று எங்களில் ஒருவர் சொன்னார். “பழைய கேமரா வாங்குபவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்” என்று மற்றவர் சொன்னார். பிறகு இவ்வாறு எழுதினோம்: “மிகப் பழைய கேமரா, இயங்கும் நிலையில் உள்ளது. லென்ஸில் காலத்திற்கேற்ற தூசி இருக்கலாம்.” அதில் எந்தச் சொல்லையும் தனியே எடுத்துப் பொய் என்று காட்ட முடியாது. சொற்களைச் சேர்த்துப் படித்தால் முழுவதும் பொய்.

கோயம்புத்தூரில் கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞர் பேரம் பேசாமல் 6,500 ரூபாய்க்கு வாங்கினார். கோப்பைகள் கற்பித்த பாடத்தால் கேமராவை மிக நேர்த்தியாகக் கட்டினோம். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைக்கூட வைத்தோம்! இன்று நினைத்தால் நாணமாக இருக்கிறது. பூஞ்சை பிடித்த லென்ஸை ஈரத்திலிருந்து காக்க அத்தனை அக்கறை.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. தம் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளில் ஒரு முழு ஃபிலிம் சுருளையும் எடுத்தாராம். கழுவிப் பார்த்தபோது 36 படங்களும் மங்கலாக, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கலங்கித் தெரிந்தனவாம். “நான் புதியவன், ஏதோ தவறு செய்திருப்பேன். உங்கள் அப்பா இதில் எப்படிப் படம் எடுப்பார் என்று தெரிந்தால் சொல்ல முடியுமா சார்?” என்று கேட்டிருந்தார்.

அவர் எங்கள் மீது குற்றம் சாட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். தூசி இருக்கலாம் என்று எழுதியதைக் காட்டி வாதாடியிருப்போம். அவரோ தம்மையே குறை சொல்லிக்கொண்டார். எங்கள் வாப்பாவைத் தம் ஆசானாகக் கேட்டார். இரண்டு நாள்கள் பதில் எழுதாமல் இருந்தோம்.

மழை நனைத்த தானியம்

நம்மில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே கேட்ட நபிமொழி ஒன்று உண்டு. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது தம் கையை அதனுள் விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. அதுபற்றி வியாபாரியிடம் வினவ, மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியாயின் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்னும் கருத்தில் நபியவர்கள் கேட்டு, ஏமாற்றுபவருக்குக் கடுமையான எச்சரிக்கையும் செய்தார்கள்.

இந்த நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருந்தும் அந்த இரண்டு நாள்களில்தான் அதன் உட்பொருள் எங்களுக்கு உறைத்தது. அந்த வியாபாரி தானியத்தை நனைக்கவில்லை, மழை நனைத்தது. எங்கள் லென்ஸையும் மழைதான் கெடுத்தது. பொருள் கெட்டதற்காக எவரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. கெட்ட பகுதி அடியில் இருந்ததே குற்றம். விற்க வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லப்படவில்லை. மேலே வைத்து விற்கும்படியே சொல்லப்பட்டது.

இன்னொன்றும் தோன்றியது. அந்தக் கடைவீதியில் வாங்க வருபவர் கையை விட்டுப் பார்க்கலாம். இணையத்தில் வாங்குபவருக்கு அந்தக் கை இல்லை. அவர் தொடவோ, முகரவோ, டார்ச் அடித்துப் பார்க்கவோ முடியாது. நாம் காட்டுவதை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புகிறார். ஆகவே அவருடைய கையாகவும் கண்ணாகவும் இருக்க வேண்டிய கடமை விற்பவர் மீதே விழுகிறது. எங்களை நம்பிய ஒருவரின் கண்ணை நாங்களே கட்டிவிட்டிருந்தோம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகம் செய்தவர்கள். குறையுள்ள ஓர் ஆடையைக் குறிப்பிட்டு, அதை விற்கும்போது குறையைச் சொல்லிவிடுமாறு தம் கூட்டாளியிடம் கூறினார்களாம். கூட்டாளி மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பதும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாம் அவர்கள் அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் எழுதப்பட்டுள்ளது. அங்கே நிகழ்ந்தது மறதி. எங்களுடையது அறிந்தே செய்தது. அவர்களுக்கு வாங்கியவரின் முகவரி கிடைக்கவில்லை. எங்களிடமோ கதவு எண், அஞ்சல் குறியீட்டு எண், தொலைபேசி எண் அனைத்தும் எங்கள் கையெழுத்திலேயே குறிப்பேட்டில் இருந்தன. தர்மம் செய்து தப்பிக்கும் வழி எங்களுக்கு இல்லை.

மூன்றாம் நாள் அவரை அழைத்தோம். பூஞ்சை இருந்ததைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பார்த்துவிட்டுத்தான் அப்படிப் போட்டீர்களா சார்?” என்று கேட்டார்.

“ஆமாம்” என்றோம். அந்த ஒரு சொல்லைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது சொன்ன பிறகே தெரிந்தது.

இரண்டு வழிகளை அவர் முன் வைத்தோம். கேமராவைத் திருப்பி அனுப்பினால் முழுத்தொகையையும் இருவழி அஞ்சல் செலவையும் தருகிறோம்; வைத்துக்கொள்வதாயின் சரிசெய்யும் செலவைத் தருகிறோம். அவர் தம் ஊரில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் காட்டினார். லென்ஸைப் பிரித்துத் துடைக்க 1,800 ரூபாய் ஆகும் என்றார்களாம். வைத்துக்கொள்வதாகச் சொன்னார். “கேமரா சரியாகிவிடும் சார். அந்தப் பிறந்தநாள்தான் திரும்ப வராது” என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அடுத்து வீட்டாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. விற்ற தொகை ஏற்கெனவே நால்வருக்கும் பங்கிடப்பட்டிருந்தது. பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் விளக்கம் கேட்டோம். குறையை மறைத்ததால் கூடுதலாக வந்த விலை எல்லோருடைய பங்கிலும் கலந்திருக்கிறது. அதை எல்லோரிடமும் சொல்லி மனமொத்துத் திருப்பிக் கொடுங்கள். மறைத்ததால் அவருக்கு ஏற்பட்ட மற்றச் செலவு மறைத்தவர்களைச் சேரும் என்றார்கள். அதன்படி ஃபிலிம் வாங்கியதற்கும் கழுவியதற்குமான 1,100 ரூபாயை நாங்கள் கொடுத்தோம். 1,800 ரூபாய் 32 கூறுகளாயிற்று. காக்காவுக்கு 787 ரூபாய் 50 காசு, மகள்களுக்குத் தலா 393 ரூபாய் 75 காசு, உம்மாவுக்கு 225 ரூபாய்.

காக்கா தொலைபேசியில், “முன்னமே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் பங்கை அன்றே அனுப்பினார்கள். உம்மாவின் 225 ரூபாயை நாங்களே கொடுத்துவிடுகிறோம் என்றோம். உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தலையணைக்கடியில் இருந்த சுருக்குப் பையைத் திறந்து எண்ணிக் கொடுத்தார்கள். “அவர்கள் பெயரால் வந்த காசு. கபரில் இருக்கும் மனிதருக்கு இதில் ஒரு கறை வேண்டாம்” என்றார்கள். நாங்கள் மறைத்தது லென்ஸின் குறையை மட்டும் என்று அதுவரை எண்ணியிருந்தோம்.

அதன் பிறகு எங்கள் வழக்கம்

அன்று முதல் எங்கள் விற்பனையில் முதல் படம் குறையின் படம்தான். நல்ல பகுதிகளின் படங்கள் அதற்குப் பின்பே வரும். வெள்ளத்தில் கறைபட்ட நூல்களை விற்றபோது, கறை மிகுந்த பக்கத்தையே முதலில் காட்டினோம். “நல்ல நிலை”, “ஓரளவு பயன்படுத்தியது” போன்ற பொதுச் சொற்களை விட்டுவிட்டு, என்ன வேலை செய்கிறது, என்ன செய்யவில்லை, நாங்கள் எதைச் சோதிக்கவில்லை என்று மூன்றாகப் பிரித்து எழுதினோம். பகல் வெளிச்சத்தில், ஜன்னலருகே எடுத்த படமே உண்மையைச் சொல்லும். விளக்கொளி கீறலையும் நிறமாற்றத்தையும் விழுங்கிவிடும். படங்களை அழகுபடுத்தும் செயலிகளை விற்பனைப் படங்களுக்குப் பயன்படுத்துவதை நிறுத்தினோம்.

பார்க்காத பொருளை வாங்குவது பற்றி நம் மத்ஹபுகளில் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில், வாங்கியவர் பொருளைப் பார்த்த பிறகு ஏற்கவோ மறுக்கவோ உரிமை பெறுகிறார். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்து, பார்க்காத பொருளின் விற்பனையில் மேலும் இறுக்கமானது. ஆனால் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பிக்கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. விரிவை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். நாங்கள் செய்தது, பணம் வாங்குமுன் காணொளி அழைப்பில் பொருளை முழுவதும் சுற்றிக் காட்டியதும், கிடைத்த மூன்று நாள்களுக்குள் திருப்பியனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்ததுமே. ஓராண்டில் ஒரே ஒருவர்தான் திருப்பி அனுப்பினார்.

வாக்குக் கொடுத்த பிறகு விலையேற்றும் சோதனையும் வரும். டேப் ரிக்கார்டரின் வலப்பக்க ஸ்பீக்கர் ஒலிக்கவில்லை. அதை முதல் வரியில் எழுதியிருந்தோம். மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் 1,500 ரூபாய்க்குக் கேட்க, சரி என்றோம். ஒரு மணி நேரத்தில் வேறொருவர் 2,500 தருவதாக எழுதினார். ஒருவர் வாங்க இசைந்த பொருளின் மீது மற்றவர் விலை பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பெரியவருக்கே அனுப்பினோம். இதில் நாங்கள் கற்ற நடைமுறை, வாக்குக்கும் ஒரு காலவரம்பு சொல்லிவிடுவது. “நாளை லுஹர் வரை உங்களுக்காக வைத்திருக்கிறோம்” என்று சொல்லிவிட்டால் இரு தரப்பிலும் மனத்தாங்கல் வராது.

ஏமாற்றக்கூடாது என்பதோடு ஏமாறவும் கூடாது. இராணுவத்தில் பணிபுரிவதாகச் சொன்ன ஒருவர், பொருளைப் பார்க்காமலே முழு விலைக்கும் ஒப்புக்கொண்டு, பணம் பெறுவதற்கென்று ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பினார். பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ, யுபிஐ பின் எண்ணை இடவோ தேவையே இல்லை. பின் எண்ணைக் கேட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். பணம் அனுப்பியதாக வரும் படத்தையும் நம்பாமல், நம் வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே பொருளை அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

குடும்பத்தின் மறைவையும் காக்க வேண்டும். கெண்டி, கண்ணாடி அலமாரி போன்ற பளபளக்கும் பொருள்களைப் படமெடுக்கும்போது வீட்டுப் பெண்களின் உருவமும் வீட்டின் உட்புறமும் அதில் தெரியக்கூடும். வெள்ளைத் துணியைப் பின்னால் விரித்து எடுங்கள். பழைய கைப்பேசியை விற்குமுன் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதுமாக அழித்து அமைக்க வேண்டும். வாப்பாவின் கைப்பேசியில் குடும்பத்தார் அனைவரின் படங்களும் இருந்தன. அதை விற்காமல் வைத்துக்கொள்வதே நல்லது என்று முடிவு செய்தோம்.

அனுப்பும் நாளில், பொருளைக் கட்டுவதைக் காணொளியாக எடுத்து வையுங்கள். முகவரியை வெளியில் எழுதுவதோடு, ஒரு சீட்டில் எழுதி உள்ளேயும் இடுங்கள். மழையில் வெளிச்சீட்டு அழிந்தாலும் பார்சல் அனாதையாகாது. விலையுயர்ந்த பொருளாயின் காப்பீடு செய்யுங்கள். அஞ்சல் ரசீதின் எண்ணை அன்றே வாங்கியவருக்கு அனுப்புங்கள். பணம் அனுப்பிவிட்டுப் பொருளுக்குக் காத்திருப்பவரின் கவலையைக் குறைப்பதும் நன்மைதான்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கம்

குறையை முதலில் காட்டினால் பொருள் விற்காது என்று பலர் எங்களிடம் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், சில பொருள்கள் குறைந்த விலைக்கே போயின. ஒரு மேசை மின்விசிறி இன்றுவரை விற்கவில்லை. உண்மையாக நடந்து குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் நபிமொழி நமக்கு அறிவிக்கிறது. பரக்கத் என்பது கூடுதல் தொகையாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. கைப்பேசி ஒலிக்கும்போது, வாங்கியவர் எவராக இருப்பாரோ என்ற அச்சமின்றி அதை எடுக்க முடிவதும் பரக்கத்தே. அந்த இரண்டு நாள்களை அனுபவித்த எங்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

மாடியறை இப்போது பிள்ளைகள் ஓதும் அறையாக இருக்கிறது. குறிப்பேட்டை உம்மா வைத்திருக்கிறார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் கேமராவின் 6,500 ரூபாய் வரவும், அதற்குக் கீழே 1,800 திருப்பியதும் இருக்கின்றன. பிள்ளைகள் பெரியவர்களாகிப் புரட்டும்போது ஏன் திருப்பினீர்கள் என்று கேட்பார்கள். இன்ஷா அல்லாஹ், அதையும் மறைக்காமல் சொல்வோம்.

உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒரு பொருள் விற்பனைக்குக் காத்திருக்கலாம். அதை விளம்பரம் செய்யுமுன் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்டதை மேலே வையுங்கள். நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, நம்மிடம் வாங்கியவர்கள் மறுமையில் நம்மீது வழக்குத் தொடுக்கும் நிலையிலிருந்து நம் அனைவரையும் அல்லாஹ் காப்பானாக. மறைந்த பெற்றோரின் கபர்களை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.